தீவிலிருந்து மாநகருக்கு: பழக வேண்டியவையும் பழகக் கூடாதவையும்

நெடுந்தீவு, கொழும்பு மாநகரத்தைவிடப் பெரியது. இதை இங்குள்ள நண்பர்களிடம் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள்; பின்னர் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு மௌனமாகிறார்கள். கொழும்பு மாநகர சபையின் எல்லைக்குள் அடங்கும் நிலப்பரப்பு சுமார் 37 சதுர கிலோமீற்றர். நெடுந்தீவின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அந்த 37 சதுர கிலோமீற்றருக்குள் ஐந்தரை இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். நெடுந்தீவில் வாழ்வோரின் தொகை ஐயாயிரத்தை எட்டாது. ஆகவே, பெரிய நகரம் என்று நாம் சொல்லும்போது நிலத்தைக் கருதிச் சொல்வதில்லை. ஓரிடத்தில் எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள், அவர்களுக்காக எவையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கருதியே சொல்கிறோம்.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழும்பில் கழித்தவன் நான். ஓய்வு பெற்றபின், 2015 இல் மனைவியின் பிறந்த ஊரான நெடுந்தீவுக்குச் சென்று அவருடைய தாய்வழி வளவில் குடியிருந்தேன். ஓராண்டு இருந்து பார்ப்போம் என்று போனவர்கள் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டோம். 2024 இன் இறுதியில் மனைவியின் நோய் காரணமாகக் கொழும்புக்குத் திரும்ப நேர்ந்தது. மகளின் தொடர்மாடி வீடு வெள்ளவத்தையில் இருக்கிறது. பழைய நண்பர்கள், பழைய சகபாடிகள், முன்னர் என்னிடம் தொழில் பழகிய இளைஞர்கள் என வருவோரெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எப்படி, திரும்பவும் பழகிவிட்டதா?"

அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலவில்லை. பழகுவது என்பது எது, அதற்கு என்ன விலை, அந்த விலையைக் கொடுப்பவர் யார் என்று சற்று விரிவாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

இரைச்சலும் சனநெருக்கடியுமே தீவிலிருந்து வந்தவனுக்குப் பெருந்துன்பம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அவை மிக விரைவாகப் பழகிவிடுகின்றன. முதல் வாரத்தில் காலி வீதியின் 100 ஆம், 101 ஆம் இலக்கப் பஸ்களின் ஊதல் ஒலி நித்திரையைக் கலைத்தது. மூன்றாம் வாரத்தில் அந்த ஒலி காதில் விழவேயில்லை. கரையோரப் புகையிரதம் கடந்து போகும் நேரத்தைக் கொண்டு கடிகாரத்தைப் பார்க்காமலே மணி சொல்லவும் பழகிவிட்டேன். காதும் கண்ணும் மனிதனின் அடிமைகள். அவற்றை எதற்கும் பழக்கலாம். பழகக் கடினமானவை வேறு. காலம், தண்ணீர், மனிதர் ஆகிய மூன்றையும் கணக்கிடும் முறையை மாற்றிக்கொள்வதுதான் உண்மையான சிரமம்.

முதலிற் காலத்தை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவில் நேரம் என்பது படகின் நேரம். மாவிலித்துறையிலிருந்து காலையிற் புறப்படும் படகு குறிகட்டுவானை அடைய ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் செல்லும். அங்கிருந்து பஸ் புங்குடுதீவைக் கடந்து, வாணர் தாம்போதி வழியாக வேலணைக்கும், பின்னர் பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணத்துக்கும் வரும். வங்கியிற் காசு எடுப்பதானாலும், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்று பெறுவதானாலும், பல் ஒன்று பிடுங்குவதானாலும் திரும்பும் படகை மனத்தில் வைத்தே நாள் முழுவதும் நடக்கும். படகைத் தவறவிட்டால் அன்றிரவு யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுத் திண்ணைதான். கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞர் "நாளைக்கு வாருங்கள்" என்று சொல்வது யாழ்ப்பாண நகரத்தவருக்கு ஓர் எரிச்சல். தீவாருக்கு அது இன்னொரு கடற்பயணம்.

அந்தப் பயணத்தையும் காற்றே தீர்மானிக்கும். சோளகம் பெயர்ந்து கடல் கொதிக்கும் நாட்களில் படகு ஓடாது. வாடைக் காலத்து மழையிலும் அப்படியே. எனவே தீவில் எந்த வாக்குறுதியும் காற்றை முன்னிட்டே கொடுக்கப்படும். "கடல் விட்டால் வருகிறேன்" என்ற சொற்றொடரைக் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சாக்குப்போக்கு என்று கருதியதை நான் கண்டிருக்கிறேன். அது சாக்கன்று, உண்மை பேசும் முறை. இங்கோ காற்றுக்குப் பெயரே இல்லை. வைகாசி தொடக்கம் கொழும்பை நனைக்கும் அதே தென்மேற்குக் காற்றுத்தான் நெடுந்தீவில் சோளகமாக வீசி மண்ணைக் காயவைத்து, கிணற்று நீரைக் கீழே இறக்குகிறது. ஒரே காற்று இங்கே மழை, அங்கே வறட்சி. மாநகரத்தவர் குடை விரிக்கும் நாட்களில் தீவார் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள் என்பதை எந்த வானிலை அறிக்கையும் சொல்வதில்லை.

இனித் தண்ணீர். நெடுந்தீவில் கிணறுகளுக்குக் குறைவில்லை. ஆயினும், குடிக்கத்தக்க நீர் ஊறும் இடங்கள் சாராப்பிட்டி போன்ற சிலவே. மற்றையவை உவர். ஆகவே அங்கே தண்ணீரில் சாதி பிரித்தே வைத்திருப்பார்கள்: குடிக்க ஒன்று, சமைக்க ஒன்று, குளிக்க ஒன்று, மாட்டுக்கு ஒன்று. அரிசி கழுவிய நீர் தொட்டிக்குப் போகும். முகம் கழுவிய நீர் வாழையடிக்குப் போகும். ஒன்பது ஆண்டுகள் இப்படி எண்ணிப் பழகியபின் இத்தொடர்மாடியில் குழாயைத் திருகும்போது கை தானாகவே பாதியில் நின்றுவிடுகிறது. பேரப்பிள்ளை பல் துலக்கும்போது குழாய் திறந்தபடியே ஓடுகிறது. நான் மூடுகிறேன், அவன் திறக்கிறான். "தண்ணீர் முடியாது தாத்தா" என்று அவன் சொல்வதில் அவனளவில் பிழையில்லை. அவன் பிறந்த நாளிலிருந்து அது முடிந்ததை அவன் கண்டதில்லை.

எண்ணி வாழும் பழக்கம் மாநகரத்தவருக்கு முற்றிலும் அந்நியமானது என்று சொல்லிவிடவும் முடியாது. 2022 இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தபோது கொழும்பும் சிலகாலம் தீவாகியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. எரிபொருளுக்காகவும் எரிவாயுவுக்காகவும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார் என்று அறியாதவர்கள் வரிசையில் இடம்பிடித்துக் கொடுத்தும், ஓர் எரிவாயு உருளையில் இரண்டு வீட்டுக்குச் சமைத்தும் வாழ்ந்ததாக மகள் தொலைபேசியில் சொன்னாள். எமக்கு அவை புதியவையல்ல. தீவில் மின்சாரம் டீசல் மின்பிறப்பாக்கியிலிருந்து வந்தது. டீசலோ படகில் வந்தது. ஆனால் வரிசைகள் மறைந்ததும் மாநகரம் அந்தப் பாடத்தையும் மறந்துவிட்டது. எண்ணத் தேவையில்லாத வாழ்வுக்கு அது மறுபடியும் பழகிவிட்டது. அப்படிப் பழகுவது எத்துணை எளிது என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

மூன்றாவது, மனிதர். நெடுந்தீவில் காலையில் வாசலுக்கு வந்தால் ஒழுங்கையால் போகிறவர் "எங்கை ஐயா வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்பார். பதில் அவருக்குத் தேவையில்லை. நீர் இருக்கிறீர் என்பதை அவர் குறித்துக்கொள்கிறார். இரண்டு நாள் வாசலில் காணாவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடுவார். கொழும்பில் எமது தொடர்மாடியில் நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். மின்தூக்கியில் ஏறுவோர் கதவுக்கு மேலே மாறும் இலக்கங்களைப் பார்த்தபடி நிற்கிறார்கள். எனக்கு இங்கே முதலிற் சிநேகிதமானவர் வாயிற்காவலர். குருநாகலைப் பக்கத்துச் சிங்களவர். அவரும் ஊரிலிருந்து வந்து இங்கே ஒட்டாமல் இருப்பவர். "மாத்தயா இன்றைக்கு நடக்கப் போகவில்லையா?" என்று ஒருநாள் அவர் கேட்டபோது எனக்கு நெடுந்தீவின் ஒழுங்கைதான் நினைவுக்கு வந்தது.

தீவைச் சொர்க்கமாகச் சித்திரிப்பது என் நோக்கமன்று. அவ்வாறு எழுதுவோர் பெரும்பாலும் காலைப் படகில் வந்து, குதிரைகளையும் பெருக்க மரத்தையும் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாட்டையும் படம்பிடித்துவிட்டு மாலைப் படகில் திரும்புகிறவர்கள். நீர் இருக்கிறீரா என்று கவனிக்கும் அதே கண்தான் உம்முடைய மகள் யாரோடு பேசினாள் என்றும் கவனிக்கிறது. யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் எந்தக் கோயிலில் எதுவரை போகலாம் என்று கணக்கு வைத்திருந்ததும் அந்தக் கண்தான். தீவகமும் குடாநாடும் சாதியை மறந்துவிட்டன என்று எவராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்பார்வைக்குத் தப்பி, பெயரும் குலமும் கேட்கப்படாத மாநகரத் தெருவில் முதன்முறையாக நிமிர்ந்து நடந்த பலரை நான் அறிவேன். அவர்களுக்கு மாநகரம் ஒரு விடுதலை. அதை மறுப்பது அநியாயம்.

அந்தக் காவலும் இப்போது தளர்ந்துவிட்டது. 2023 ஏப்ரலில் நெடுந்தீவில் ஒரே வீட்டில் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், அனைவரும் முதியவர்கள். அச்செய்தியைப் படித்த வெளியூரவர்கள் கொலையின் கொடூரத்தைக் கண்டு அதிர்ந்தார்கள். தீவில் இருந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்தது. பிள்ளைகள் மாநகரத்திலும் வெளிநாட்டிலும் இருக்க, பெற்றோர் மட்டும் எஞ்சியிருக்கும் வீடுகள் நிறைந்த ஊராகத் தீவு மாறிவிட்டது. இரவில் ஒரு குரல் கேட்டால் ஓடிவர அயலில் இளைஞர் இல்லை. முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் இன்னமும் நிற்கின்றன. வேலிக்கு அப்பால் ஆளில்லை.

ஆளில்லாமற் போனதற்கு ஒரு வரலாறு உண்டு. தீவக மக்கள் கடலைக் கடந்து பிழைப்புத் தேடியவர்கள். புங்குடுதீவாரின் கடைகள் கொழும்பில் மட்டுமன்றித் தென்னிலங்கையின் பல பட்டினங்களிலும் இருந்தன. நெடுந்தீவார் பலர் வன்னிக்குச் சென்று காடு வெட்டிக் கழனியாக்கினர். அக்காலத்தில் போனவர்கள் திரும்பி வரவும் செய்தார்கள். திருவிழாவுக்கு வந்தார்கள், பிள்ளைகளைத் தீவிலேயே படிப்பித்தார்கள். 1958 இலும் 1977 இலும் 1983 இலும் தென்னிலங்கையில் தமிழரின் கடைகள் எரிந்தபோது அகதிகளாகத் திரும்பி வந்தவர்களை ஏற்றுக்கொண்டதும் அந்த ஊர்கள்தாம். பின்னர் ஊருக்கே ஆபத்து வந்தது. 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் குறிகட்டுவான் நோக்கிச் சென்ற பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அன்று தொடக்கம் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் நெடுந்தீவு அவர்களை நினைவுகூர்கிறது. 1990 இல் இராணுவம் தீவகத்துக்குள் நுழைந்தபின் பல ஊர்கள் ஏறத்தாழ முழுமையாகவே வெறுமையாயின.

அவ்வாறு இடம்பெயர்ந்தவர்களிற் பலர் ஈற்றில் வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்றுதான் இந்த வெள்ளவத்தை. அவர்கள் மாநகரத்துக்குப் பழகிய கதையை நான் அக்காலத்துச் செய்தியாளனாக அருகிலிருந்து பார்த்தவன். பொலிஸ் பதிவுத் துண்டை அடையாள அட்டையோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதே முதற் பழக்கம். பஸ்ஸில் தமிழில் உரத்துப் பேசாதிருப்பது இரண்டாவது. இரவு கதவு தட்டப்பட்டால் யார் எழுந்து போவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது மூன்றாவது. அயலவருக்கு அவர்களின் பெயர் தெரியாது, பொலிஸாருக்குத் தெரியும். 2007 ஜூன் 7 ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் அதனைத் தடுத்தது. அவர்களிற் பலர் மருத்துவத்துக்கும் வெளிநாட்டுப் பயண அலுவல்களுக்குமாக வந்திருந்தவர்கள். கொழும்பில் அவர்கள் தங்கியிருப்பதற்குக் காரணம் போதாது என்று கூறப்பட்டது. நோய்க்கு மருந்து தேடுவதைவிட வேறென்ன காரணம் வேண்டும் என்று அன்று எழுந்த கேள்வி இன்று என் வீட்டிலும் வேறொரு வடிவில் இருக்கிறது.

என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம். யாழ்ப்பாணத்திலும் இச்சிகிச்சை உண்டு. ஆனால் வாரத்தில் மூன்று நாள், போக ஒன்று வர ஒன்றாக ஆறு கடற்பயணம் செய்ய அவருடைய உடலில் வலுவில்லை; சோளகமும் சம்மதிக்காது. யாழ்ப்பாணத்தில் எமக்கு நிரந்தரமாகத் தங்க வீடில்லை. மகள் கொழும்பில் இருக்கிறாள். ஆகவே வந்தோம்.

முதல் நாள் அந்த இயந்திரத்தின் அருகிலிருந்தபோது தாதி ஒருவரிடம் இதற்கு எவ்வளவு நீர் செலவாகும் என்று கேட்டேன். நிமிடத்துக்கு அரை லீற்றர் அளவில் சுத்திகரிக்கப்பட்ட நீர் ஓடிக்கொண்டிருக்கும் என்றார். நான்கு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 120 லீற்றர். அதுவும் சாதாரண நீரன்று. பலமுறை வடிகட்டப்பட்ட நீர். வடிகட்டும்போது கழிந்துபோவதையும் சேர்த்தால் இன்னும் அதிகம். நெடுந்தீவில் எமது வீட்டுக் குடிநீர்க் குடங்களைக்கொண்டு கணக்கிட்டால் ஒரு மாதத்துக்குப் போதுமான நல்ல தண்ணீர் ஒரு காலைப்பொழுதில் அவருடைய உடலைச் சுற்றி ஓடிமுடிகிறது. இடைவிடாத மின்சாரம், இடைவிடாத நன்னீர், பயிற்சி பெற்ற தாதி, அழைத்தால் வரும் வைத்திய நிபுணர் ஆகிய நான்கும் ஒருசேர இருக்குமிடத்தில் மட்டுமே அவர் உயிர்வாழ முடியும். மாநகரம் என்பதன் பொருள் எனக்கு அந்த அறையில்தான் விளங்கியது. நான் இந்த நகரத்தைத் திட்டி எழுத மாட்டேன். அது என் மனைவியை உயிரோடு வைத்திருக்கிறது.

ஆனால் அந்த நன்றியுணர்ச்சியே மற்றக் கேள்வியையும் எழுப்புகிறது. கொழும்பில் மகள் இல்லாத நெடுந்தீவார் என்ன செய்வார்கள்? நான் அங்கிருந்த ஆண்டுகளில் அதற்கு விடை கண்டிருக்கிறேன். தீவின் வைத்தியசாலையில் இருந்தவர்கள் தம்மால் இயன்றதைச் செய்தார்கள். அவசர நோயாளரைக் கடற்படைப் படகு ஏற்றிச் சென்றதும் உண்டு. ஆயினும் நீண்டகால நோய் வந்தவர்கள் இரண்டில் ஒன்றையே தெரிய வேண்டியிருந்தது. காணியை விற்றுவிட்டு யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு இருப்பது ஒன்று. மருந்தைக் குறைத்துக்கொண்டு வீட்டிலே இருப்பது மற்றது. இரண்டாவதைத் தெரிந்தவர்களின் மரணச் சடங்குகளில் நான் கலந்துகொண்டிருக்கிறேன். அவை எந்தப் புள்ளிவிபரத்திலும் தூரத்தின் காரணமாக நேர்ந்த மரணங்கள் என்று பதியப்படுவதில்லை.

இதனாற்றான் பழகிவிட்டதா என்ற கேள்வி எனக்கு உறுத்துகிறது. தீவிலிருந்து வந்தவன் மாநகரத்துக்கு முற்றாகப் பழகிவிட்டால், குழாய்த் தண்ணீரும் வாசலில் நிற்கும் ஓட்டோவும் பத்து நிமிடத் தூரத்து வைத்தியசாலையும் இயற்கையாகவே கிடைப்பவை என்று அவனும் எண்ணத் தொடங்குவான். அவை இயற்கையானவையல்ல. மழையும் காற்றும்போல் தாமாக வந்தவையல்ல. எங்கே குழாய் போடுவது, எங்கே போடாமல் விடுவது என்று மேசையிலிருந்து தீர்மானித்தவர்களின் முடிவுகள் அவை. கொழும்புக் கரையில் கடலை நிரப்பி 269 ஹெக்டேயர் புதுநிலம் உருவாக்க இந்த நாட்டால் முடிந்திருக்கிறது. 2014 இல் தொடங்கிய அந்தத் துறைமுக நகரத்தை நான் காலிமுகத்திடலிலிருந்து பார்க்கிறேன். கடலுக்குள் இல்லாத நிலத்தை ஆக்க முடிந்த அரசுக்கு, கடலுக்குள் ஏற்கெனவே இருக்கும் நிலத்துக்கு ஒழுங்காகப் படகு விடுவது ஏன் முடியாத காரியமாகிறது?

நெடுந்தீவின் பெயர் பெரிய தலைநகரங்களிலும் ஒருமுறை ஒலித்தது. 2021 ஜனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் கலப்பு மின்திட்டம் அமைக்கும் பணி சீன நிறுவனமொன்றைச் சேர்ந்த கூட்டமைப்புக்கு வழங்கப்பட முடிவாயிற்று. இந்தியா ஆட்சேபித்தது. 2022 இல் அது இந்திய மானியத் திட்டமாக மாறியது. 2024 மார்ச்சில்தான் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எமது தீவு எந்த நாட்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று அந்நாட்களில் பத்திரிகைகள் அளந்து அளந்து எழுதின. தீவின் இரவுக்கு விளக்கு வேண்டும் என்பதை அளந்தவர் மிகச் சிலரே. மூன்று ஆண்டுகள் வல்லரசுகளின் கணக்கிலே கழிந்தன. மின்பிறப்பாக்கி நின்ற இரவுகளை நாம் அரிக்கன் விளக்கோடு கழித்தோம்.

அரசை மட்டும் குறைகூறி நிறுத்திக்கொள்வதும் நேர்மையாகாது. ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்று எம்மவரிடையே ஒரு பழமொழி உண்டு. கடல் கடந்தவர்களுக்கும் அது பொருந்துகிறது. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் தீவகத்தவர் தம் ஊர்க் கோயில்களுக்குக் கோபுரம் கட்டுகிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கு மண்டபம் கட்டுகிறார்கள். அவற்றை நான் பழிக்கவில்லை. வேரை மறவாமையின் அடையாளம் அவை. ஆனால் கோபுரம் பணத்தால் எழும்பும். படகுச் சேவை குரலால்தான் எழும்பும். வைத்தியர் வெற்றிடத்தை நன்கொடையால் நிரப்ப முடியாது. அமைச்சின் வாசலில் போய் நின்று கேட்க ஆள் வேண்டும். மாநகரத்தில் வாழ்பவர்களுக்கு அந்த வாசல் அருகில் இருக்கிறது. ஒரு பஸ் எடுத்தால் போய்விடலாம். தீவில் இருப்பவர் அதே வாசலுக்கு வர ஒரு படகும் இரண்டு பஸ்களும் ஓர் இரவும் வேண்டும். அருகிலிருப்பவர் கேட்காமல் இருக்க, தொலைவிலிருப்பவர் வந்து கேட்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

கேட்க வேண்டியவை பெரிய சங்கதிகளல்ல. குமுதினிப் படகை நடத்தும் பொறுப்பு வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருந்துவந்திருக்கிறது. கடலும் ஒரு வீதி என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு அது சான்று. வீதி என்றால் அது நாள்தோறும் திறந்திருக்க வேண்டும். ஒரு படகு பழுதானால் மாற்றுப் படகு நிற்க வேண்டும். நோயாளியும் மாணவரும் ஏறியபின்னரே சுற்றுலாப் பயணி ஏற வேண்டும். இரவில் நோயாளரை ஏற்ற, வேறெவரின் தயவையும் எதிர்பாராத அம்புலன்ஸ் படகு ஒன்று துறையில் எப்போதும் ஆயத்தமாக இருக்க வேண்டும். வாரந்தோறும் சிகிச்சைக்கு வரும் தீவு நோயாளரும் உடன்வருபவரும் தங்குவதற்கு யாழ்ப்பாணத்தில் எளிய தங்குமிடம் ஒன்று வேண்டும். அது இருந்திருந்தால் என் மனைவி போன்றோர் 400 கிலோமீற்றர் தள்ளி வந்து பேரனின் அறையைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியிராது. தீவுக்கு நியமனம் பெறும் ஆசிரியரும் வைத்தியரும் அதைத் தண்டனை இடமாற்றம் என்று கருதாதவாறு வீட்டு வசதியும் படிகளும் கொடுக்கப்பட வேண்டும். இவை நான்கும் செலவாகும் என்பார்கள். துறைமுக நகரத்தின் ஒரு மூலைக்கு ஆன செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

நான் பழக வேண்டியவற்றுக்குப் பழகிக்கொள்வேன். மின்தூக்கிக்கும், வீதி கடப்பதற்கான சமிக்ஞை விளக்குக்கும், பெயர் தெரியாத அயலவருக்கும் பழகிக்கொள்வேன். அயலவரின் பெயரை நானே கேட்டு அறிந்துகொள்ளத் தொடங்கியும் இருக்கிறேன். ஆறு வீட்டுக்காரரின் பெயர் இப்போது தெரியும். தண்ணீரை எண்ணுவதையும், காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று காலையிற் பார்ப்பதையும், இன்றைக்குப் படகு ஓடியதா என்று தொலைபேசியில் விசாரிப்பதையும் மட்டும் விட்டுவிடுவதாக இல்லை. மாநகரில் வாழும் தீவக நண்பர்களிடமும் அதையே கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு ஊருக்கு அழைத்துப் பேசும்போது கோயில் திருப்பணி எவ்வளவில் நிற்கிறது என்று கேட்பதற்கு முன்னர், இந்த வாரம் எத்தனை நாள் படகு ஓடியது, வைத்தியசாலையில் வைத்தியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, உரிய அமைச்சுக்கு அனுப்புங்கள். ஒருவர் அனுப்பினால் அது கடிதம். ஆயிரம் பேர் அனுப்பினால் அதற்குப் பதில் எழுதித்தான் ஆகவேண்டும்.